சிலம்பு விற்கப் போனவன்

சென்ற வாரம் கோவலனையும் கண்ணகியையும் வைகையின் வடகரையில் நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். ஒரு வாரம் காத்திருந்தது போதும். ஆற்றைக் கடந்துவிடுவோம், வாருங்கள்.

பெருந்துறையில் குதிரைமுகமும் யானைமுகமும் சிங்கமுகமும் வைத்த ஓடங்கள் நின்றன. கோவலன் அந்தப் பக்கமே போகவில்லை. ஒதுக்குப்புறமாக ஒரு மரத்தெப்பம். வழித்துணையாக வந்த சமணத் துறவி கவுந்தி அடிகளோடு இருவரும் அதில்தான் ஏறினார்கள். புகாரின் பெருவணிகன் மாநாய்கனின் மகள், அயல்நாட்டுத் தலைநகருக்குள் நுழைந்தது அப்படித்தான்.

ஆற்றில் தண்ணீரே தெரியவில்லை. அத்தனை பூ! இந்தத் தம்பதிக்கு வரப்போவதை அறிந்து, வைகை தன் கண்ணீரைப் பூவால் மூடி மறைத்தாள் என்கிறார் இளங்கோவடிகள். கோட்டை மேல் பறந்த கொடிகள்கூட 'வராதே' என்று கை காட்டினவாம்.

இருவருக்கும் அது புரியவில்லை.

புறஞ்சேரியில் தங்கினார்கள். மறுநாள் விடிந்ததும் கண்ணகியைக் கவுந்தியிடம் விட்டுவிட்டு, ஊர்ப் பெருவணிகர்களைப் பார்த்து நிலைமையைச் சொல்லி வருவதாகக் கோவலன் கிளம்பினான்.

போனவன் என்ன செய்தான் தெரியுமா? ஊரைச் சுற்றிப் பார்த்தான்!

வாளோடு யவனர் காவல் நின்ற வாயிலைத் தாண்டியதும் மதுரை அவனை விழுங்கிவிட்டது. கணிகையர் வீதி, தேர்கள் செய்யும் கடைத்தெரு, துணிக்கடைகள், மலைமலையாகத் தானியம் குவித்த கூலவீதி. ரத்தினக் கடைத்தெருவில் ஒவ்வொரு கல்லின் குணத்தையும் குற்றத்தையும் விரல்நுனியில் வைத்திருந்தார்கள். காகபாதம் விழுந்த வைரத்தை அங்கே யாரும் நல்ல வைரம் என்று தள்ளிவிட முடியாது. பொன் கடைகளிலோ 4 வகைப் பொன்னும் இருந்தன. எந்தக் கடையில் எந்தப் பொன் என்று வாங்க வருபவர் குழம்பாதிருக்கக் கொடி கட்டி வைத்திருந்தார்கள்.

வணிகன் மகன் கண்ணுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மயங்கிப்போய்த் திரும்பினான். பாண்டியனின் செங்கோலைப் பற்றிக் கவுந்தியிடம் புகழ்ந்து தள்ளினான். எந்த வணிகரையும் பார்த்ததாக ஒரு சொல் இல்லை.

ஏன் பார்க்கவில்லை? எனக்குத் தோன்றுவது இதுதான். மாசாத்துவானின் மகன் என்று சொன்னால் மதுரை வணிகர்கள் வாசலுக்கு வந்து வரவேற்றிருப்பார்கள். ஆனால் அடுத்த நொடியே, "இந்தக் கோலம் ஏனப்பா?" என்று கேட்டிருப்பார்கள். ஆடல் மகள் மாதவியின் மாலைக்கு 1008 கழஞ்சு பொன் கொடுத்த கதையை எந்த வாயால் சொல்வான்? தந்தையின் பெயரைச் சொல்லி ஒரு வேளைச் சோறுகூட வாங்கக் கூடாது என்ற வைராக்கியம். கையில் கண்ணகியின் சிலம்பு இருக்கிறது. அதுவே முதல்.

அன்று மாலை மாதரி என்ற ஆயர்குல மூதாட்டியிடம் கண்ணகியை அடைக்கலமாகக் கொடுத்தார் கவுந்தி. மாதரி பூரித்துப்போனாள். புதுமனை ஒன்றை ஒதுக்கிக் கொடுத்து, மகள் ஐயையைத் துணைக்கு வைத்தாள்.

இனி, நாம் பார்க்க வந்த நாழிகை.

மறுநாள் பகல். கண்ணகி அடுப்படியில் இருக்கிறாள். ஆய்ச்சியர் கொண்டுவந்த பிஞ்சுக் காய்களை அரிந்து அரிந்து விரல் சிவந்துவிட்டது. முகமெல்லாம் வியர்வை, புகையில் கண் கலங்கியிருக்கிறது. ஐயை வைக்கோலை மூட்டித் தர, அரிசி கொதிக்கிறது. 12 வயதில் கைபிடித்தவனுக்கு எத்தனையோ நாள் கழித்துத் தன் கையால் சமைக்கிறாள்.

பாயை விரித்தாள். கால் கழுவ நீர் வார்த்தாள். தரையில் நீர் தெளித்துக் குருத்து வாழையிலை போட்டாள்.

கோவலன் உண்டான். வெற்றிலை மடித்துக் கொடுத்தவளை அருகில் அழைத்தான். அப்போதுதான் அவனுக்குள் தேங்கிக் கிடந்ததெல்லாம் உடைந்தது. கல்லும் முள்ளுமான வழியில் இவளை நடத்தி வந்தோமே! பெற்றோர் என்ன பாடு படுகிறார்களோ! கூப்பிட்டதும் ஏன் என்று கேட்காமல் எழுந்து வந்துவிட்டாளே!

கண்ணகி சும்மா இருந்துவிடவில்லை. அவன் செய்தது தகாத செயல் என்று முகத்துக்கு நேரே சொன்னாள். மாமனும் மாமியும் வந்தபோதெல்லாம் துயரத்தை மறைத்துச் சிரித்துக்காட்டியதையும், அந்தச் சிரிப்பைப் பார்த்து அவர்கள் நொந்துபோனதையும் சொன்னாள். பொறுமையின் சிலை என்று இவளை வணங்குபவர்கள் இந்த இடத்தை மறந்துவிடுகிறார்கள். எனக்குக் காப்பியத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது.

அவன் எழுந்தான். ஒரு சிலம்பை மட்டும் வாங்கிக்கொண்டான். விற்றுவிட்டு வந்துவிடுகிறேன் என்றான். தனியாக விட்டுப் போக மனமில்லை. பொங்கிய கண்ணீரை மறைத்துக்கொண்டு தெருவில் இறங்கினான்.

ஆயர் தெருவில் ஒரு காளை சீறிப் பாய்ந்து வந்தது. கெட்ட சகுனம். ஆயர் வீட்டுச் சிறுபிள்ளை பார்த்திருந்தால்கூடத் தடுத்திருக்கும். கோவலனின் குலத்துக்கு அது தெரியாது.

நடந்தான்.

கடைத்தெருவில் எதிரே ஒரு கூட்டம். நூறு கொல்லர் பின்தொடர, சட்டை அணிந்து, கையில் குறடோடு ஒருவன் விலகி விலகி நடந்துவந்தான். அரண்மனைப் பொற்கொல்லன்! நேற்றுப் பார்த்த ரத்தினக் கடைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. இருந்தும் அரசன் பெயர் பெற்ற இவனைக் கண்டதும் கோவலனுக்கு நம்பிக்கை பிறந்துவிட்டது. நேற்று அந்தச் செங்கோலைப் புகழ்ந்தவன் அல்லவா!

அரசி அணியத் தக்க சிலம்புக்கு விலை மதிக்க முடியுமா என்று கேட்டான்.

கொல்லன் கைகூப்பிப் பணிந்தான்.

பொதி அவிழ்ந்தது.

சிலம்பின் வேலைப்பாட்டைக் கொல்லன் குனிந்து பார்த்தான். அதே நொடியில் அவன் மனம் கணக்குப் போட்டு முடித்துவிட்டது. கோப்பெருந்தேவியின் சிலம்பைத் திருடியவன் அவன்தான். இன்னும் வெளியே தெரியவில்லை. இதோ, ஒற்றைச் சிலம்போடு ஊருக்குப் புதியவன்! இவனுக்காகப் பேச மதுரையில் ஒருவரும் இல்லை.

"இது பட்டத்தரசிக்கே ஏற்றது ஐயா. அரசரிடம் சொல்லிவிட்டு வருகிறேன். என் குடிலுக்குப் பக்கத்தில் இருங்கள்."

கோவலன் அங்கிருந்த கோயில் மதிலோரம் ஒதுங்கிக் காத்திருந்தான். பழங்காநத்தம் பக்கம் கோவலன் பொட்டல் என்று மதுரைக்காரர்கள் இன்றும் ஓர் இடத்தைக் காட்டுகிறார்களே, அங்கே போகும் பாதை இந்தச் சந்திப்பில்தான் தொடங்கியது.

அரண்மனையிலோ வேறு புயல். கூத்து மகளிரின் ஆட்டத்தில் அரசன் மனம் போனதைப் பார்த்த அரசி, தலைவலி என்று எழுந்து போய்விட்டாள். அவளைச் சமாதானப்படுத்த அமைச்சர்களையும் விட்டுவிட்டு ஓடினான் நெடுஞ்செழியன். அவளது வாயிலை நெருங்கிவிட்டான்.

கொல்லன் குறுக்கே விழுந்து வணங்கினான். சிலம்பு திருடிய கள்வன் தன் குடிலில் இருப்பதாகச் சொன்னான்.

அரசனின் ஒரு கண் மூடியிருந்த கதவின் மேல்.

"காவலர்களைக் கூப்பிடு!" என்றான்.

(அடுத்த வாரம்: பாண்டியனின் வாயிலிருந்து விழுந்த கட்டளை)