எந்திரம் இருந்த இடம்: ஒசூர் – கிருஷ்ணகிரி எல்லைத் தொழில்வட்டாரமும் வீட்டுக் கணினி விளையாட்டுகளும் (1981–2011)

ஆய்வுச் சுருக்கம்

வீட்டுக் கணினியில் உருவான பந்தய, சுடும், வியூக விளையாட்டுகளின் வரலாறு பெரும்பாலும் பிரித்தானியா, அமெரிக்கா, ஜப்பான் ஆகிய நாடுகளை மையமாகக் கொண்டே எழுதப்படுகிறது. அதே காலத்தில் தொழில்நகரமாக உருப்பெற்ற ஒசூர் போன்ற ஊர்கள் அவ்வரலாற்றில் இடம்பெறுவதில்லை. இதற்குத் தொழில்நுட்பத் திறன் இன்மையே காரணம் என்னும் கருத்தை இக்கட்டுரை மறுக்கிறது. கணினி வீட்டிலா, தொழிற்கூடத்திலா, பள்ளியிலா, கடையிலா, எங்கே இருந்தது என்பதே அதனைக் கொண்டு என்ன செய்ய இயன்றது என்பதைத் தீர்மானித்தது என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: வீட்டுக் கணினி, கணினி விளையாட்டு, ஒசூர், கிளாஸ் திட்டம், உலாவு மையம், விலையில்லா மடிக்கணினி

1. முன்னுரை

ஒசூர் பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலும் சென்னையிலிருந்து 300 கி.மீ.க்கும் அதிகமான தொலைவிலும் அமைந்துள்ளது. 1971-இல் தோற்றுவிக்கப்பட்ட சிப்காட் நிறுவனம் இங்குத் தொழில்வளாகம் அமைத்ததைத் தொடர்ந்து, அசோக் லேலண்டின் சரக்குந்து ஆலை, டி.வி.எஸ். நிறுவனத்தின் மொபெட் ஆலை, டைட்டன் கடிகார ஆலை ஆகியவை 1980களில் செயற்பட்டன. 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டத்தின் முதன்மைத் தொழில்நகரமும் இதுவே. இவ்வட்டாரம் பற்றிய ஆய்வுகள் உற்பத்தி, வேலைவாய்ப்பு, நிலம் ஆகியவற்றையே பேசுகின்றன. தொழிலாளர் குடும்பங்களின் ஓய்வுநேரம் ஆய்வுப்பொருளாவது அரிது. கணினி விளையாட்டு அந்த இடைவெளியை நிரப்ப உதவும் ஒரு சான்றாகும்.

2. வீட்டுக் கணினியும் அதன் படைப்பாளரும்

பிரித்தானியாவில் ஏக்கான் நிறுவனத்தின் பிபிசி மைக்ரோ 1981 டிசம்பரிலும் சின்க்ளேர் நிறுவனத்தின் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 1982 ஏப்ரலிலும் விற்பனைக்கு வந்தன. ஸ்பெக்ட்ரத்தின் தொடக்க விலை 125 பவுண்டு. இவ்விரு கணினிகளும் இயக்கியவுடன் பேசிக் மொழியில் கட்டளையை எதிர்பார்த்து நின்றன. ஆகவே விளையாடுவதற்காக வாங்கிய கருவியே நிரல் எழுதும் கருவியாகவும் இருந்தது.

இதன் விளைவு மூவகை விளையாட்டுகளிலும் தெரிந்தது. கேம்பிரிட்ஜ் மாணவர்களான டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் 1984 செப்டம்பரில் வெளியிட்ட ‘எலைட்’, விண்கலப் போரையும் வணிகத்தையும் இணைத்தது. 32 கிலோபைட் நினைவகத்தில் எட்டு விண்மீன் மண்டலங்களையும் ஒவ்வொன்றிலும் 256 உலகங்களையும் அது கொண்டிருந்தது. அவ்வுலகங்கள் சேமித்து வைக்கப்பட்டவை அல்ல. சில தொடக்க எண்களிலிருந்து தேவைப்படும்போது கணக்கிட்டுப் பெறப்பட்டவை. மார்க்கோனி நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிய ஜெஃப் கிராமண்ட், சில்வர்ஸ்டோன் பந்தயத் தடத்தைப் பிபிசி மைக்ரோவில் ‘ரெவ்ஸ்’ என்னும் விளையாட்டாக அமைத்தார். ஜூலியன் கோலப் 1984-இல் ஸ்பெக்ட்ரத்துக்கு எழுதிய ‘ரெபெல்ஸ்டார் ரெய்டர்ஸ்’ தொடங்கி, ‘லேசர் ஸ்குவாட்’ (1988), ‘யு.எஃப்.ஓ.: எனிமி அன்நோன்’ (1994) எனப் படைப்பிரிவு வியூக விளையாட்டை வளர்த்தெடுத்தார்.

இம்மூவகையுள் கிராமண்டின் எடுத்துக்காட்டு ஒசூருக்கு மிக நெருக்கமானது. பகலில் தொழில்நிறுவனப் பொறியாளர், வேலைநேரம் முடிந்தபின் விளையாட்டுப் படைப்பாளர் என்னும் இரட்டை வாழ்வு அவருக்கு இயன்றதற்கு வீட்டில் சொந்தமாக ஒரு கணினி இருந்தது அடிப்படைத் தேவையாகும்.

3. அதே எந்திரம், வேறு இடம்

‘எலைட்’ எழுதப்பட்ட அதே பிபிசி மைக்ரோ, ஏறத்தாழ அதே வேளையில் இந்தியாவுக்கும் வந்தது. நடுவண் அரசின் மின்னணுவியல் துறையும் கல்வி அமைச்சகமும் 1984–85-இல் தொடங்கிய கிளாஸ் எனப்படும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம் இக்கணினியையே தேர்ந்தெடுத்தது. நாடு முழுவதற்கும் முதற்கட்டத்தில் ஏறத்தாழ 250 பள்ளிகளே அதில் இடம்பெற்றன. கணினி பூட்டிய அறையில் இருந்தது. மாணவர் முறைவைத்துக் குறிப்பிட்ட நேரம் மட்டுமே அதனைத் தொட இயன்றது.

1984 நவம்பரில் அறிவிக்கப்பட்ட புதிய கணினிக் கொள்கை இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. டெசிபெல்ஸ் நிறுவனம் ஸ்பெக்ட்ரத்தின் இந்திய வடிவத்தையும் விற்றது. எனினும் தொழிலாளர் குடும்பம் ஒன்றின் வரவுசெலவுக்குள் கணினி வரவில்லை. எந்திரம் ஒன்றே, இங்கு மாறுபட்டவை அதனோடு தனித்துக் கழிக்கக் கிடைத்த மணிநேரமும், தவறு செய்து பார்க்கும் உரிமையுமே.

4. தொழிற்கூடத்தில் புழங்கிய எண்கள்

ஒசூரில் கணினிசார் அறிவு இல்லாமற்போகவில்லை. அது வேறு உருவில் இருந்தது. டாட்டா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் இணைந்து 1984-இல் நிறுவிய டைட்டன், ஒசூர் ஆலையில் குவார்ட்ஸ் கடிகாரங்களை உற்பத்தி செய்தது. குவார்ட்ஸ் கடிகாரத்தின் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது; இரண்டால் மீண்டும் மீண்டும் வகுத்தே அதிலிருந்து ஒரு நொடி பெறப்படுகிறது. பிபிசி மைக்ரோவின் 32 கிலோபைட் நினைவகமும் 32,768 பைட்டுகளே. இரண்டும் இரும எண்முறையின் விளைவுகள். எலைட்டின் அடிப்படையாக அமைந்த கணக்குமுறை ஒசூரின் உற்பத்தி வரிசையிலும் அன்றாடம் புழங்கியது.

இதனினும் நேரடியான சான்று சி.என்.சி. எந்திரமாகும். வாகன உறுப்புகளைக் கடைந்து தரும் சிறு தொழிற்கூடங்கள் இவ்வட்டாரத்தில் பெருகியபோது, வெட்டுக்கருவி எந்த அச்சில், எவ்வளவு தொலைவு, எவ்வேகத்தில் நகர வேண்டும் என்பதை எண்களாலான கட்டளைகளாக எழுதுவோரும் பெருகினர். திரையில் பந்தய வாகனத்தை நகர்த்துவதும் அச்சுத்தொலைவுகளின் கணக்கே. ஆனால் தொழிற்கூடத்து எந்திரம் முதலாளியின் உடைமை. அதன் ஒவ்வொரு நிமிடமும் உற்பத்திக் கணக்கில் சேர்வது. ஆகவே திறன் இருந்தும் அது விளையாட்டுப் படைப்பாக மாறுவதற்கான இடம் கிடைக்கவில்லை.

5. விசைப்பலகை இல்லாத விளையாட்டு

1990களில் தமிழக வீடுகளுக்குள் நுழைந்தது கணினியன்று. தொலைக்காட்சியோடு இணைக்கும் ‘வீடியோ கேம்’ பெட்டி. நின்டென்டோ 1983-இல் வெளியிட்ட ஃபேமிகாமின் மலிவான படிகளே இவற்றுள் பெரும்பாலானவை. பல விளையாட்டுகள் அடங்கிய ‘கேசட்’டுகளில் ‘ரோட் ஃபைட்டர்’ என்னும் பந்தய விளையாட்டும், ‘கான்ட்ரா’ என்னும் சுடும் விளையாட்டும், டாங்கிகளைக் கொண்டு தளத்தைக் காக்கும் ‘பேட்டில் சிட்டி’யும் பரவலாக அறியப்பட்டவை.

விளையாட்டு வகைகள் மூன்றும் வந்துசேர்ந்தன. நிரலாக்கம் மட்டும் வரவில்லை. ‘பேட்டில் சிட்டி’ விளையாடுவோரே களத்தை வடிவமைக்கும் வசதியைத் தந்தது. ஆயினும் மின்சாரம் நின்றால் வரைந்த களம் அழிந்துவிடும். பிரித்தானியச் சிறுவர் தம் நிரலை ஒலிநாடாவில் சேமித்து மறுநாள் தொடர்ந்ததோடு இதனை ஒப்பிட வேண்டும். சேமிக்க இயலாத படைப்பு திறனாக வளர்வது கடினம்.

6. உலாவு மையமும் எல்லைக்கு அப்பாலுள்ள சந்தையும்

2000களில் கணினி விளையாட்டு உலாவு மையங்களிலும் உதிரிபாகங்களைப் பூட்டி உருவாக்கிய ‘அசெம்பிள்’ கணினிகளிலும் வளர்ந்தது. உதிரிபாகச் சந்தை எனும்போது ஒசூருக்கு அண்மையானது சென்னை ரிச்சி தெரு அன்று; பெங்களூரின் எஸ்.பி. சாலை. மாநில எல்லை நிர்வாகத்தைப் பிரித்தாலும் கணினிப் புழக்கத்தைப் பெங்களூரோடு பிணைத்தது. ‘ரோட் ராஷ்’ (1996), ‘கமாண்டோஸ்’ (1998), ‘புராஜெக்ட் ஐ.ஜி.ஐ.’ (2000) ஆகியவை இந்திய இளைஞரிடையே பெயர்பெற்றது இக்காலத்தில்தான்.

உலாவு மையத்திலும் கணினி மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கப்பட்ட பொருளே. 2011-இல் நடுவண் அரசு வெளியிட்ட உலாவு மைய விதிகள் வருவோரின் அடையாளச் சான்றைச் சரிபார்த்துப் பதிவேட்டில் குறிக்கவும், அப்பதிவேட்டைக் குறைந்தது ஓராண்டு பாதுகாக்கவும் கோரின. வரலாற்று மூலம் என்னும் நிலையில் இவ்விதி கவனத்துக்குரியது. அரசு பயனரின் அடையாளத்தைக் கேட்டது. அவர் என்ன விளையாடினார், எதனைக் கற்றார் என்பது எப்பதிவிலும் சேரவில்லை.

இதே சாலையின் மறுமுனையான பெங்களூரில் 1997-இல் தோன்றிய துருவா இன்டராக்டிவ், இந்தியாவின் முன்னோடி விளையாட்டு நிறுவனங்களுள் ஒன்று. ‘ஃபோர்சா’ பந்தய விளையாட்டுத் தொடருக்கான வாகன உருவங்களை அது வடிவமைத்துத் தந்தது. 2019-இல் ராக்ஸ்டார் கேம்ஸ் அதனை வாங்கியது. ஏறத்தாழ 40 கி.மீ. இடைவெளியில் ஒரு நகரம் உலோகத்தில் வாகனம் செய்தது; மற்றொன்று திரைக்கான வாகனம் செய்தது. எனவே இவ்வேறுபாட்டை மாநிலங்களின் அறிவுத்திறனைக் கொண்டு விளக்க இயலாது. தனிப்பட்ட கணினி யாருடைய மேசையில் இருந்தது என்பதைக் கொண்டே விளக்க வேண்டும்.

7. முடிவுரை

2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், அரசு, அரசு உதவிபெறும் கல்விநிலைய மாணவர் பலரின் வீட்டுக்கு முதன்முதலாகக் கணினியைக் கொண்டுசேர்த்தது. ஸ்பெக்ட்ரம் வெளிவந்து 29 ஆண்டுகள் கழித்தே, விசைப்பலகையும் சேமிப்பு வசதியும் தனித்த நேரமும் ஒருசேர இம்மாணவருக்கு வாய்த்தன. ஆயினும் அதில் விளையாடுவது பொதுவெளியில் பெரும்பாலும் தவறான பயன்பாடாகவே பேசப்பட்டது. பிரித்தானிய எடுத்துக்காட்டோ விளையாட்டும் நிரலாக்கமும் ஒரே மேசையில் வளர்ந்தவை என்பதைக் காட்டுகிறது.

எனவே இவ்வட்டாரத்தின் கணினி வரலாற்றை எழுதுவோர் ஆலைகளின் ஆவணங்களோடு நின்றுவிடலாகாது. உலாவு மையம் நடத்தியோர், கணினி பூட்டித் தந்தோர், சி.என்.சி. இயக்குநர், முதல் மடிக்கணினி பெற்ற மாணவர் ஆகியோரின் வாய்மொழி வரலாறுகள் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய இவ்வட்டார மொழிகளில் தொகுக்கப்பட வேண்டும். அன்றைய பெட்டிகளும் குறுவட்டுகளும் பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தியோரின் நினைவே இனி முதன்மைச் சான்று.