சித்திரையும் மேடமும்

பள்ளுருத்தியில் குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்களின் சிறுவர்கள் கேட்கும் வினாக்களுள் பெரியோரைத் திகைக்க வைப்பது ஒன்றுண்டு. "நமக்குப் புத்தாண்டு நேற்று, அண்டை வீட்டாருக்கு விஷு இன்று, எது சரி?" என்பதே அது.

2023-ஆம் ஆண்டில் இவ்வினாவை நம் மகளே நம்மிடம் எழுப்பினாள். ஏப்ரல் 14-ஆம் நாள் வேப்பம்பூப் பச்சடியுடன் சோபகிருது ஆண்டை வரவேற்றிருந்தோம். மலையாள அன்பர்கள் மறுநாள் கொன்றைப் பூவும் கனிகளும் வைத்துக் கணி கண்டனர். "நாம் செய்ததே சரி; அவர்கள் ஒரு நாள் பிந்திவிட்டனர்" என்று ஆராயாது விடை பகர்ந்தோம். கைநீட்டம் அளிக்க வாயிலில் வந்து நின்ற அடுத்த வீட்டு அம்மையாரின் செவியில் அச்சொல் விழுந்தது. அவர் யாதும் கூறாமல், நாணயத்தை மகளின் கையில் வைத்துச் சென்றார். அன்று நாம் அடைந்த நாணம் சிறிதன்று. அதன் பின்னரே பஞ்சாங்கத்தைப் புரட்டினோம்.

கதிரவன் மேட இராசியில் புகும் நேரமே இரு விழாக்களுக்கும் அடிப்படை. கதிரவன் மறைவதற்குள் அப்புகுதல் நிகழுமாயின், அந்நாளையே சித்திரை முதல் நாள் எனக் கொள்வது தமிழ் வழக்கு. விஷுவோ விடியற்காலையில் கணி காணும் விழா. பொழுது விடிந்த பின்னர்க் கதிரவன் மேடம் புகுந்தால், அடுத்த விடியலே கணிக்கு உரியது. 2023-இல் அது ஏப்ரல் 14 பிற்பகலில் புகுந்தது. ஆகவே நமக்கு அந்நாள்; அவர்கட்கு மறுநாள். இருவருள் எவரும் பிழை செய்திலர்.

இன்னுமொன்று. கதிரவன் ஒரு சுற்றை முடிக்க 365 நாளும், 6 மணிக்குச் சற்று மேலும் ஆகின்றன. எனவே புகும் நேரம் ஆண்டுதோறும் 6 மணியளவு பிந்திக் காலை, பிற்பகல், இரவு, விடியலுக்கு முன் என மாறி வருகிறது. பகலில் புகும் ஆண்டுகளில் விழாக்கள் பிரிகின்றன. இரவில் புகும் ஆண்டுகளில் கூடுகின்றன. 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் பிரிந்தன. 2024, 2025 ஆகியவற்றில் கூடின.

இரயில்வே எழுத்தராகிய நமக்கு இது முன்னமே விளங்கியிருக்க வேண்டும். நள்ளிரவு 12 மணி 10 நிமிடத்திற்குப் புறப்படும் வண்டிக்குச் சீட்டு வாங்கியோர், ஒரு நாள் கழித்து மூட்டை முடிச்சுகளுடன் வந்து நிற்பதுண்டு. இரயில்வேக்கு நாள் நள்ளிரவில் பிறக்கிறது. பஞ்சாங்கத்திற்கோ கதிரவன் எழுகையில் பிறக்கிறது. எண்ணும் முறை வேறாயின் நாளும் வேறாகும்.

மாதப் பெயர்களும் இத்தகையனவே. முழுநிலவு சித்திரை விண்மீனை அடுத்து நிற்கும் மாதத்தை நாம் சித்திரை என்கிறோம். கதிரவன் மேட இராசியில் நிற்பதால் அதனையே மலையாளிகள் மேடம் என்கின்றனர். நாம் நிலவு நின்ற இடம் கண்டு பெயரிட்டோம். அவர்கள் கதிரவன் நின்ற வீடு கண்டு பெயரிட்டனர். நம் ஆவணியே அவர்களின் சிங்ஙம். கி.பி. 825-இல் தொடங்கிய கொல்லம் ஆண்டு இன்று சிங்ஙம் முதல் நாளில் பிறக்கிறது.

அம்மாதத்து ஓணத்தையும் அயலார் விழா என்று எண்ணற்க. மாங்குடி மருதனார் இயற்றிய மதுரைக்காஞ்சி, பாண்டியன் தலைநகரில் ஓணவிழா கொண்டாடப்பட்டதைக் கூறுகின்றது. பெரியாழ்வாரின் திருப்பல்லாண்டிலும் திருவோணம் இடம்பெறுகிறது. அயல்வீட்டு முற்றத்தின் பூக்களம் நம் பழைய நூல்களுக்கு அயலன்று.

இவற்றையெல்லாம் மகளுக்கு விளக்கி, அவளையே அடுத்த வீட்டிற்கு அனுப்பினோம். "அடுத்த ஆண்டு நம் இரு வீட்டிற்கும் ஒரே நாள், அம்மச்சி" என்று அவள் கூறி வந்தாள். அவ்வாறே 2024 ஏப்ரல் 14 அன்று விடியலில் அவர் வீட்டுக் கணியைக் கண்டோம்; நண்பகலில் அவர் நம் வீட்டில் பச்சடி உண்டார்.

காலனி அன்பர்களே! நம் சிறுவர் தமிழ் நாட்காட்டியைப் படிக்கத் தெரியாமல் வளர்தல் இழப்பு; அண்டை வீட்டு நாட்காட்டியை இகழக் கற்று வளர்தல் அதனினும் பேரிழப்பு. சுவரில் இரண்டும் தொங்கட்டும்.