வாகூர்ச் செப்பேட்டில் திருமுகமும் அறையோலையும்

முன்னுரை

புதுச்சேரிப் பகுதியின் தெற்கே அமைந்த வாகூர், பல்லவர் காலக் கல்வி வரலாற்றில் தனியிடம் பெற்ற ஊராகும். நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 9ஆம் நூற்றாண்டு) இவ்வூர் வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்கள் வழங்கப்பட்ட செய்தியை வாகூர்ச் செப்பேடு தெரிவிக்கிறது. 1879இல் கண்டெடுக்கப்பட்ட இதன் ஐந்து ஏடுகள் பாரீசு தேசிய நூலகத்தைச் சென்றடைந்தன. ஹுல்ஸ் இதனை ‘எபிகிராபியா இந்திகா’ 18ஆம் தொகுதியில் பதிப்பித்தார்.

இச்செப்பேடு பெரும்பாலும் கொடை ஆவணமாகவும் கல்விச் சான்றாகவுமே ஆராயப்பட்டு வந்துள்ளது. இதன் தமிழ்ப் பகுதி ஒரு கடிதப் போக்குவரத்தையும் தன்னுள் பொதிந்து வைத்துள்ளது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

வடமொழிப் பகுதியும் தமிழ்ப் பகுதியும்

வடமொழிப் பகுதி செய்யுள் நடையில் அமைந்தது. அது பல்லவர் மரபைக் கூறி, மன்னனையும் கொடைக்குக் காரணமானவனையும் புகழ்ந்து, வாகூர்க் கற்றோரின் சிறப்பை விரிக்கிறது. தமிழ்ப் பகுதியோ உரைநடையில் அமைந்த ஆட்சி ஆவணம். புகழ்ச்சிக்கு அங்கு இடமில்லை. யார் விண்ணப்பித்தார், யார் ஆணத்தி, எவ்வூர்கள், எவருக்கு என்பனவே வரிசையாக வருகின்றன. விண்ணப்பித்தவன் வேசாலிப் பேரரையன். ஆணத்தி விடேல்விடுகு காடுபட்டித் தமிழப் பேரரையன். சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய மூன்று ஊர்களும் வித்தியாபோகமாக அளிக்கப்பட்டன.

திருமுகம் சென்ற வழி

தமிழ்ப் பகுதியின் ஆணை வித்தியாஸ்தானத்தாரை நோக்கியதன்று; நாட்டாரை முன்னிலைப்படுத்தியது. நாட்டார்க்கு விடுத்த இவ்வோலையைச் செப்பேடு ‘திருமுகம்’ என்றே சுட்டுகிறது. நாட்டார் அதனைக் கண்டு தொழுது, தலைமேல் வைத்து ஏற்றனர்; பின் படாகை நடந்து, எல்லைகளில் கல்லும் கள்ளியும் நாட்டினர். இப்பணி முடிந்ததும் அவர்கள் தம் பங்கிற்கு ‘அறையோலை’ எழுதி விடுத்தனர். அவ்வறையோலையின்படியே கொடையின் எல்லைகள் குறிக்கப்படுகின்றன.

இவ்வரிசை கருதத்தக்கது. மன்னனின் ஓலை ஊர்ப்பெயர்களைச் சொல்லும். எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் களத்தில் நடந்தவர்களே எழுத முடியும். செப்பேட்டில் பொறிக்கப்பட்ட எல்லைப் பகுதி அரசவையிலிருந்து நாட்டிற்கு வந்த செய்தியன்று. நாட்டிலிருந்து அரசவைக்குச் சென்ற செய்தி. ஆகவே இச்செப்பேட்டின் ஆக்கத்தில் நாட்டாரின் எழுத்துக்கும் பங்குண்டு.

மரபு வாய்பாடா, நடைமுறையா?

இத்தொடர்கள் வாகூருக்கு மட்டும் உரியனவல்ல. காரைக்காலை அடுத்த காசாக்குடியில் கிடைத்த இரண்டாம் நந்திவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டுச் செப்பேட்டிலும் நாட்டார் திருமுகத்தைத் தொழுது ஏற்றதும், கல்லும் கள்ளியும் நாட்டியதும், அறையோலை விடுத்ததும் இடம்பெறுகின்றன. எனவே இவை வெறும் வாய்பாடு எனக் கொள்ள இடமுண்டு. தொழுதல், தலைக்கு வைத்தல் போன்ற தொடர்களைப் பொறுத்தவரை இக்கருத்து ஏற்புடையதே. நாட்டாரின் உளநிலையை அவற்றிலிருந்து உய்த்துணர்தல் இயலாது. ஆனால் எல்லைக் குறிப்பு ஊருக்கு ஊர் மாறுபடுவது. அதனை வாய்பாட்டால் நிரப்ப இயலாது. சொல்வடிவம் மரபாக இருப்பதே, ஓலை அனுப்புதலும் மறுவோலை பெறுதலும் நிலைத்த நடைமுறையாக இருந்தமையைக் காட்டுகிறது.

எனினும் நாட்டார் என்போர் ஊர்மக்கள் அனைவருமல்லர். நிலத்தில் உழுதவர்களின் குரல் இக்கடிதப் போக்குவரத்தின் எந்த முனையிலும் பதிவாகவில்லை.

சொல்லின் தொடர்ச்சி

‘திருமுகம்’ என்னும் சொல் அரசாணையோடு நின்றுவிடவில்லை. பாணபத்திரர் பொருட்டு ஆலவாய் இறைவன் சேரமான் பெருமாளுக்கு எழுதியதாகப் போற்றப்படும் பாடல் ‘திருமுகப் பாசுரம்’ என்ற பெயரில் பதினோராம் திருமுறையின் தொடக்கத்தில் அமைந்துள்ளது. 19ஆம் நூற்றாண்டில் இராமலிங்க அடிகள் தம் அன்பர்களுக்கு எழுதிய கடிதங்களும் திருமுகங்கள் என்றே வழங்கப்பெறுகின்றன. அனுப்புநரின் முகமாகவே ஓலையைக் கருதும் மனநிலை இவையனைத்திற்கும் பொதுவானது. திருமுகத்தை நாட்டார் தொழுது ஏற்றதாகக் கூறும் வாய்பாடும் இதனால் பொருள் பெறுகிறது.

முடிவுரை

வாகூர்த் திருமுகமும் அதற்கு நாட்டார் விடுத்த அறையோலையும் பனையோலையில் கையால் எழுதப்பட்டவை. அவ்வோலைகள் இன்றில்லை. அவற்றின் சொற்கள் செம்பில் ஏறியமையால் மட்டுமே எஞ்சின. ஆதலின் செப்பேட்டைக் கொடையின் சான்றாக மட்டும் கொள்ளாமல், அழிந்த ஓலைகளின் படியாகவும் பயிலுதல் வேண்டும். பிற பல்லவச் செப்பேடுகளின் தமிழ்ப் பகுதிகளையும், எது அரசவையின் சொல், எது நாட்டாரின் சொல் எனப் பிரித்து நோக்கின், உள்நாட்டு எழுத்து வழக்கின் வரலாறு மேலும் தெளிவுபெறும்.