தோல், பந்து, தேநீர்: பல்வாங்கர் பாலுவை முன்வைத்து

புதுச்சேரிக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கதை ஒன்று உண்டு. 1873-இல் ஐரோப்பியச் சப்பாத்து போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் நுழைந்தார் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. அபராதம் விழுந்தது. பாரீஸ்வரை வழக்காடி அதை உடைத்தார். காலனிய அதிகாரத்தை எதிர்த்த குரலாக இதை வாசிக்கிறார்கள். வாசிக்கலாம். ஆனால் அந்தச் சப்பாத்தின் தோலை உரித்தவன், பதப்படுத்தியவன், தைத்தவன் எந்த வாசல்வரை வரலாம் என்கிற கேள்வி அந்த வழக்கில் இல்லை. பொருள் உள்ளே போகும், செய்த கை போகாது. இதே தர்க்கம் இன்னொரு தோல் பொருளில், கிரிக்கெட் பந்தில், எப்படி வேலை செய்தது என்று பார்க்க நாம் பூனாவுக்குப் போக வேண்டியிருக்கிறது.

பல்வாங்கர் பாலு 1876-இல் தார்வாரில் பிறந்தவர். சமார் சாதி; நம் பக்கத்து அருந்ததியர்போலத் தோல் தொழிலோடு கட்டிவைக்கப்பட்ட சாதி. பூனாவில் பார்சி கிளப்பின் மைதானத்தைக் கூட்டி உருளை இழுக்க மாதம் 3 ரூபாய். பிறகு ஐரோப்பியரின் பூனா ஜிம்கானாவில் 4 ரூபாய். வலை கட்டணும், கோடு போடணும், நடுவில் துரைமாருக்குப் பந்தும் வீசணும். கிரெய்க் துரை மணிக்கணக்கில் இவருடைய இடக்கைச் சுழலில் பயிற்சி எடுத்துக்கொண்டார். மட்டையை மட்டும் யாரும் இவர் கையில் கொடுக்கவில்லை. மட்டை எஜமானுக்கு, பந்து ஏவலாளுக்கு.

வெள்ளைக்காரனை ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை வந்தபோதுதான் பூனா இந்துக்களுக்குப் பாலு 'இந்து' ஆகிறார். களத்தில் அவர் தொட்ட தோல் பந்தை பிராமணக் கைகள் தயங்காமல் பிடித்தன. தேநீர் இடைவேளையில் பாலு பெவிலியனுக்கு வெளியே. மற்றவர்களுக்குப் பீங்கான் கோப்பை, அவருக்கு குடித்துவிட்டு உடைத்துப் போடும் மண் குவளை. சாப்பாட்டுக்குத் தனி மேசை. மாட்டுத்தோல் பந்து தீட்டில்லையாம், டீதான் தீட்டாம்! இதை வெறும் முரண்பாடு என்று சிரித்துவிட்டுப் போக முடியாது. உழைப்பை எடுத்துக்கொண்டு உடலை வெளியே நிறுத்துவதுதான் தீண்டாமையின் இயங்குமுறை.

பிறகு பம்பாய். 1906-இல் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ஓட்டங்களில் தோற்கடித்ததில் பாலுவின் பந்துவீச்சு முக்கியமானது. 1911-இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து போன அணி பெரும்பாலும் தோற்றுக்கொண்டே இருந்தது. பாலு மட்டும் 114 விக்கெட்டுகள் எடுத்தார். ஆனாலும் அணித்தலைமை கிடைக்கவில்லை. 1920-இல் அவரை அணியிலிருந்தே நீக்கினார்கள். தலைமைக்குத் தகுதியான தம்பி விட்டலையும் ஒதுக்கினார்கள். விட்டலும் இன்னொரு தம்பி சிவராமும் ஆட மறுத்து வெளியேறினார்கள். (தலித் அரசியலின் வரலாற்றில் இந்த வெளிநடப்பையும் சேர்த்து எழுத வேண்டும்.) நிர்வாகம் இறங்கிவந்து பாலுவைத் துணைத்தலைவர் ஆக்கியது, 1923-இல் விட்டல் தலைவரானார்.

ஒரே அணிக்குள் இருந்துகொண்டே, திறமையாலும் பிடிவாதத்தாலும் கதவைத் திறக்க வைக்கலாம் என்பது பாலு களத்தில் கற்ற பாடம். அதே பாடத்தை அவர் அரசியலுக்கும் எடுத்துப்போனார் என்றே நினைக்கிறேன். 1932-இல் தனித் தொகுதி வேண்டுமென்று அம்பேத்கர் நின்றபோது, பாலு எம். சி. ராஜாவோடு சேர்ந்து கூட்டுத் தொகுதி பக்கம் நின்றார். செப்டம்பர் 24-இல் பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர், ராஜா, இரட்டைமலை சீனிவாசன் கையெழுத்துகளோடு பாலுவின் கையெழுத்தும் இருக்கிறது.

தனிப் பட்டியல் என்றால் ஊர் பிளந்துவிடும் என்று அப்போது சொன்னார்கள். ஊரும் சேரியும் ஏற்கெனவே பிளந்து கிடந்ததைப் பார்க்காத வாதம். புதுச்சேரிக்கு இது பழைய சங்கதி. 1881 ஆணைப்படி இந்துச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்தவர்களில் தலித்துகள் நிறையப் பேர். 1884-இல் துறந்தவர்களுக்கென்று தனி வாக்காளர் பட்டியல் வந்தது. 1899-இல் அது போயே போய்விட்டது. தனியாக எண்ணப்படும் உரிமை நம்மிடம் ஏறக்குறைய 15 வருஷம்தான் இருந்தது. கூட்டுத் தொகுதியை நம்பிய ராஜாவுக்குச் சென்னையில் என்ன நடந்தது? 1938-இல் அவர் கொண்டுவந்த ஆலயப் பிரவேச மசோதாவை, ராஜாஜி அரசே எதிர்க்கச் சட்டசபை தோற்கடித்தது.

1933-இல் பம்பாய் நகராட்சித் தேர்தலில் இந்து மகாசபையின் வேட்பாளராக நின்று பாலு தோற்றார். 1937-இல் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. மகருக்கு எதிரே சமார், வக்கீலுக்கு எதிரே விளையாட்டு வீரர். இந்த உத்தியை நம்மூர்க்காரர்களுக்கு விளக்கணுமா என்ன? அம்பேத்கருக்கு 13,245 வாக்குகள், பாலுவுக்கு 11,225. பாலுவை 'துரோகி' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிற வாசிப்பு எனக்கு உடன்பாடில்லை. பெவிலியனுக்கு வெளியே மண் குவளையோடு நின்ற ஆளை ஒருநாள் அணியின் துணைத்தலைவராக்கியிருந்தார்கள். அந்த அனுபவத்தின் நிஜத்தை நாம் எப்படி மறுப்பது? ஆனால் அதற்காக வருஷக்கணக்கில் விக்கெட் எடுத்துத் தர வேண்டியிருந்தது. விக்கெட் எடுக்கத் தெரியாத சமாருக்கு என்ன வழி? அம்பேத்கர் கேட்டது அவனுக்காக.

1935-இல் இயோலாவில் அம்பேத்கர் மதமாற்றத்தை அறிவித்தபோதும் பாலு எதிர்த்தார். அது தற்கொலைக்குச் சமம் என்பது அவர் கருத்து. 1955 ஜூலை 4-இல் பம்பாயில் இறந்தார். நாக்பூரில் லட்சக்கணக்கானோர் புத்தம் தழுவியது அடுத்த வருஷம் அக்டோபர் 14-இல்.