ஒரு பெர்த், ரெண்டு கவுண்ட்டர்

தீபாவளிக்கு ஊருக்கு டிக்கெட் எடுப்பது எப்பேர்ப்பட்ட கலை என்று டெல்லியிலும் மும்பையிலும் இருக்கிற நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே நிமிஷத்தில் எத்தனையோ ஊர்களில், எத்தனையோ கவுண்ட்டர்களில் அதே ரயிலைக் கேட்கிறார்கள். மிச்சமிருக்கும் அந்த ஒரு பெர்த் ஒருவருக்குத்தான் போகிறது. ரெண்டு பேருக்கும் கொடுத்துத் தொலைக்காமல் இருக்கிறதே, எப்படி?

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் ரயிலுக்கு ஒரு ரிஜிஸ்டர் இருந்தது. தேதிவாரியாக பெர்த் நம்பர்கள். அது எந்த கிளார்க் கையில் இருக்கிறதோ அவர்தான் பெயர் எழுத முடியும். அதனால் இந்த ரயிலுக்கு இந்த கவுண்ட்டர், அந்த ரயிலுக்கு அந்த கவுண்ட்டர் என்று தனித்தனி வரிசை. தப்பு நடக்காது, கால்தான் கடுக்கும் :-)

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களும் பெரும்பாலும் இப்படித்தான். ஒரு டிஸ்க் ஒரு மெஷினுக்குச் சொந்தம். மெஷின் படுத்தால் டிஸ்க்கில் இருப்பதும் கைக்கு எட்டாது. சரி, இன்னொரு மெஷினையும் அதே டிஸ்க்கில் கேபிள் போட்டு இணைத்துவிட்டால்? அங்கேதான் வினை. எந்த இடம் காலி, எந்த ஃபைல் எங்கே என்ற கணக்கை ஒவ்வொரு மெஷினும் தன் நினைவகத்தில் வைத்திருக்கும். ஒரே இடம் காலி என்று ரெண்டும் நினைக்கும், ரெண்டும் எழுதும். ஒன்று எழுதியது மற்றதற்குத் தெரியாது. ஒரு ஃபைல் மட்டுமல்ல, மொத்த வால்யூமே பாழாகலாம். ஒரு உறையில் ரெண்டு கத்தி கதைதான்.

இதற்கு முழுமையான விடை சொன்ன முக்கியமான முயற்சி, அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1983-ல் அறிவித்த வாக்ஸ்கிளஸ்டர். ஸ்டார் கப்ளர் என்ற பெட்டி வழியாக, கம்ப்யூட்டர்களும் டிஸ்க் கன்ட்ரோலர்களுமாக 16 வரை இணைக்கலாம். வேகம் நொடிக்கு 70 மெகாபிட். எல்லா மெஷினும் ஒரே வால்யூமில் படிக்கலாம், எழுதலாம்.

கேபிளில் பெரிய சூட்சுமம் இல்லை. சூட்சுமம் வி.எம்.எஸ். ஆபரேட்டிங் சிஸ்டத்தில் இருந்த லாக் மேனேஜரில்தான். எழுதுவதற்கு முன் பூட்டு கேட்க வேண்டும். பூட்டில் ஆறு வகை. 'நான் படிக்கிறேன், நீயும் படி' என்பது ஒரு வகை. 'நான் முடிக்கும் வரை யாரும் தொடாதே' என்பது இன்னொன்று. பழைய ரிஜிஸ்டரைக் கையில் வைத்திருந்த கிளார்க் மாதிரிதான். ஆனால் இங்கே ரிஜிஸ்டர் முழுவதையும் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை, ஒரு வரியை மட்டும் பூட்டினால் போதும். இந்தப் பூட்டுக் கணக்கும் ஒரே மெஷினில் குவிந்திருக்காது. எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டு பார்ப்பார்கள். ஒருவர் செத்தால் மிச்சமுள்ளவர்கள் அவருடைய பூட்டுகளைச் சரிசெய்துவிட்டுத் தொடருவார்கள்.

எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த விஷயம். மெஷின்கள் உயிரோடுதான் இருக்கின்றன, நடுவில் பேச்சுவார்த்தை மட்டும் அறுந்துவிட்டது என்று வையுங்கள். ரெண்டு பக்கமும் 'மற்றவன் செத்துவிட்டான், இனி எல்லாம் என்னுடையது' என்று நினைத்தால் டிஸ்க் காலி. இதற்காக மெஷின்களுக்கு ஓட்டு கொடுத்தார்கள். மொத்தம் 3 ஓட்டு என்றால் 2 ஓட்டு கையில் இருக்கும் பக்கம் மட்டுமே வேலையைத் தொடரலாம். மற்ற பக்கம் தன்னிடம் எந்தக் கோளாறும் இல்லாவிட்டாலும் அப்படியே நிற்க வேண்டும். மெஷின் ரெண்டே ரெண்டுதான் என்றால் மூன்றாவது ஓட்டை ஒரு டிஸ்க்குக்குக் கொடுப்பார்கள்.

இனி நம்ம ரயிலுக்கு வருவோம். 1985-ல் டெல்லியில் கம்ப்யூட்டர் ரிசர்வேஷன் சோதனையாகத் தொடங்கியது. பிறகு ரயில்வேயின் கிரிஸ் அமைப்பு இதே வி.எம்.எஸ்.ஸில் ஓடும் 'கான்செர்ட்' மென்பொருளை எழுதி, 1994-ல் செகந்திராபாத்தில் நிறுவியது. டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999-ல் ஒன்றாக இணைந்தன. திரும்பி வரும் டிக்கெட்டுக்குத் தந்தி அடித்துவிட்டுக் காத்திருந்த காலம் மலையேறியது. டெல்லி கவுண்ட்டரில் நின்றுகொண்டே சென்னையிலிருந்து மதுரைக்கு எடுக்க முடிந்தது.

ஒரு வேடிக்கையும் உண்டு. வி.எம்.எஸ்.ஸை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான டேவ் கட்லர் 1988-ல் மைக்ரோசாஃப்டுக்குப் போய் விண்டோஸ் என்.டி.யை உருவாக்கினார். ஆனால் 1997-ல் வந்த விண்டோஸ் கிளஸ்டரில் ஒரு நேரத்தில் ஒரு டிஸ்க் ஒரு மெஷினுக்குத்தான். பழைய கவுண்ட்டர் முறை! பல சர்வர்கள் ஒரே வால்யூமைச் சேர்ந்து பயன்படுத்தும் வசதி 2009-ல் விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2-வில்தான் வந்தது. லினக்ஸில் ஓ.சி.எஃப்.எஸ்.2, ஜி.எஃப்.எஸ்.2 ரெண்டும் 2006-ல் கெர்னலில் சேர்ந்தன. லினக்ஸின் லாக் மேனேஜரிலும் அதே ஆறு வகைப் பூட்டுதான்.

டிஜிட்டல் நிறுவனம் 1998-ல் காம்பேக்கிடம் போனது, காம்பேக் 2002-ல் ஹெச்.பி.யிடம் போனது. பெயர் அழிந்தாலும் அவர்கள் சொன்ன பாடம் அழியவில்லை. ஒன்றாகப் பகிர்ந்துகொள்வதில் சிரமம் எடுப்பதில் இல்லை, எப்போது எடுக்காமல் நிற்க வேண்டும் என்பதில்தான்.

எந்த கவுண்ட்டரிலாவது 'சர்வர் டவுன்' என்று சொன்னால் நமக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனால் சில சமயம் அது கெட்டுப்போய் நிற்பதில்லை. நிச்சயமாகத் தெரியாததை எழுத மாட்டேன் என்று பிடிவாதமாக நிற்கிறது. நடுராத்திரி நாக்பூர் தாண்டி, ஒரே பெர்த்துக்கு ரெண்டு குடும்பம் பெட்டி படுக்கையோடு சண்டை போடுவதற்கு இது எவ்வளவோ தேவலை.