லூசியானா நிலக் கொள்முதல்

லூசியானா நிலக் கொள்முதல் (1803): மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே ராக்கி மலைத்தொடர் வரை பரவிய, ஏறத்தாழ 21 லட்சம் சதுர கி.மீ. நிலப்பரப்பின் மீதான உரிமையைப் பிரான்சிடமிருந்து அமெரிக்க ஐக்கிய நாடுகள் விலைக்குப் பெற்ற உடன்படிக்கை. விலை 1.5 கோடி டாலர். இதில் 1.125 கோடி பிரான்சுக்குப் பத்திரங்களாகத் தரப்பட்டது. எஞ்சிய தொகை, அமெரிக்கக் குடிமக்களுக்குப் பிரான்சு செலுத்த வேண்டிய நிலுவைக்கு ஈடானது. நாட்டின் பரப்பு ஏறக்குறைய இருமடங்கானது.

மேற்குப்புற உழவர்களின் விளைபொருள் ஆற்றுவழியே நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தை அடைந்தே கடலேறியது. 1802இல் அங்கு சரக்கு இறக்கிவைக்கும் உரிமையை, பிரான்சிடம் ஒப்படைக்கப்படும்வரை நகரை நிர்வகித்த ஸ்பானிய அதிகாரி நிறுத்தவே, குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன் அந்நகரை வாங்க முயன்றார். தூதர்கள் ராபர்ட் லிவிங்ஸ்டனும் ஜேம்ஸ் மன்றோவும் நகரைக் கேட்க, நெப்போலியன் நிலப்பகுதி முழுவதையும் விற்க முன்வந்தார். ஹெயிட்டியில் அடிமைத்தளை அறுத்த மக்களின் போரும் மஞ்சள் காய்ச்சலும் பிரெஞ்சுப் படையை அழித்ததும், பிரிட்டனுடன் போர் நெருங்கியதும் இதன் காரணங்கள். ஹெயிட்டியின் பங்கு பழைய வரலாற்று நூல்களில் போதிய இடம் பெறவில்லை.

நிலம் வாங்கும் அதிகாரத்தை அரசியலமைப்பு வெளிப்படையாக வழங்கவில்லை என ஜெஃபர்சனே தயங்கினார். எனினும் செனட் 24–7 வாக்குகளில் ஏற்றது. அங்கு வாழ்ந்த ஓசேஜ், சூ முதலிய தொல்குடிகளின் இசைவு கேட்கப்படவில்லை. அவர்களின் நிலங்கள் பின்னர்த் தனித்தனி ஒப்பந்தங்களாலும் போர்களாலும் பறிக்கப்பட்டன. புதிய நிலத்தில் அடிமைமுறையை அனுமதிப்பதா என்ற பூசல் 1820ஆம் ஆண்டின் மிசூரி சமரசத்துக்கும், காலப்போக்கில் உள்நாட்டுப் போருக்கும் இட்டுச்சென்றது.