அச்சு முன்னாடி வந்த கதை

வண்டின்னு சொன்னா எங்க பரவைப் பக்கம் ஒரு காலத்துல மாட்டு வண்டிதான். அதுல மத்த எதைவிடவும் கவனமாப் பார்த்தது அச்சு. நாட்டுக் கருவேல மரத்துல குடம் கடைஞ்சு, ஆரக்கால் அடிச்சு, வட்டை சேர்த்து, இரும்புப் பட்டா காய்ச்சிப் போடுவாங்க. குடத்துக்கு நடுவுல இரும்பு அச்சு போகும். சக்கரம் கழண்டு ஓடாம இருக்க முனையில கடையாணி. வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில குழைச்ச வண்டி மையை ஒரு மூங்கில் குழாய்ல போட்டு வண்டியிலயே கட்டித் தொங்க விட்டிருப்பாங்க. அச்சு கத்துனா நிறுத்தி மை போட்டுட்டுப் போறதுதான். பெரிய வேலைன்னா ஆசாரி பட்டறை. எல்லாமே ஊருக்குள்ளயே முடிஞ்சது.

மாட்டு வண்டியில அச்சு சும்மா நிக்கும், சக்கரம் மட்டும் சுத்தும். இழுக்கிறது மாடு. மோட்டார் வண்டியில இது தலைகீழ். எஞ்சின் அச்சைச் சுத்துது, அச்சு சக்கரத்தைத் தள்ளுது. அதனால அச்சுதான் மாடு!

மோட்டார் வண்டி மதுரைக்குப் புதுசு இல்ல. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911ல தொடங்கின டி.வி.எஸ். நிறுவனத்துக்கு மதுரைதான் தாய்வீடு. அதனால பார்ட்ஸ் கடையும் மெக்கானிக்கும் இங்க எப்பவும் உண்டு. சுதந்திரத்துக்கு அப்புறம் நம்ம ரோட்டுல ஓடுன கார்களை விரல்விட்டு எண்ணிரலாம். வங்காளத்து உத்தர்பாராவுல செஞ்ச அம்பாசிடர், பம்பாய்ல செஞ்ச ஃபியட், நம்ம சென்னையில செஞ்ச ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூணுக்கும் எஞ்சின் முன்னாடி, இழுவை பின்னாடி. நடுவுல நீளமா ஒரு புரொப்பல்லர் ஷாஃப்ட் போய், பின்னாடி கிரவுனைச் சுத்தும். அம்பாசிடர்ல பின் அச்சு உடைஞ்சா புளியமரத்தடியில ஜாக்கி வச்சுத் தூக்கி, உருவிட்டு வேற போட்டு அனுப்பிருவாங்க. லாரி, டிராக்டர் பார்த்த கைக்கு அது பழகின வேலை.

1983 டிசம்பர் 14ஆம் தேதி பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800 கார் சாவியைக் கொடுத்தார். ஜப்பான் சுசூகியோட சேர்ந்து செஞ்ச சின்னக் கார். மூணு சிலிண்டர், 796 சிசி. அதுல எஞ்சினைக் குறுக்கால வச்சு, முன் சக்கரத்தையே இழுக்க வச்சிருந்தாங்க. நீள ஷாஃப்ட் இல்ல, பின்னாடி கிரவுன் இல்ல. எடை குறைஞ்சது, உள்ள இடம் கூடுச்சு. நம்ம ஊர்ல பெருவாரியாப் பரவின முதல் முன்சக்கர இழுவைக் கார் அதுதான்.

ஆனா முன் சக்கரத்துக்கு ரெண்டு வேலை. சுத்தவும் செய்யணும், திரும்பவும் செய்யணும். நேரா நிக்கிற இரும்புத் தடி இதுக்கு ஆகாது, மடங்கிக்கிட்டே சுத்தணும். இங்கிலாந்துல ராபர்ட் ஹூக் காலத்துலயே, அதாவது 17ஆம் நூற்றாண்டுலயே, மடங்கிச் சுத்துற மூட்டு ஒண்ணு இருந்துச்சு. மடங்குன நிலையில அது ஒரு சுத்துக்குள்ளயே வேகம் கூடிக் குறையும், வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். 1920கள்ல அமெரிக்காவுல ஆல்ஃபிரட் செப்பாங்கிற எஞ்சினியர் ஒரு கிண்ணத்துக்குள்ள ஆறு எஃகு உருண்டைகளை வச்சு இதைத் தீர்த்தார். எவ்வளவு மடங்கினாலும் ஒரே வேகம். 1959ல வந்த இங்கிலீஷ் மினி கார் இந்த மூட்டை சாதாரண ஜனங்க காருக்குக் கொண்டுவந்துச்சு. மாருதிக்குள்ள இருந்ததும் அந்த வகை மூட்டுதான். மெக்கானிக்குக சிவி ஜாயிண்ட்னு சொல்வாங்க.

மாருதி வந்த புதுசுல மரத்தடி மெக்கானிக்குக அதுல கை வைக்கத் தயங்கினாங்க. ஜப்பான் சாமான், பிரிச்சா சேராதுன்னு பேச்சு. உண்மையில அந்த மூட்டு அவ்வளவு சீக்கிரம் சாகாது. சாகிறது அதுமேல மாட்டியிருக்கிற ரப்பர் பூட். அது கிழிஞ்சா உள்ள இருக்கிற கிரீஸ் தெறிச்சுப் போகும், புழுதியும் தண்ணியும் உள்ள போகும். உருண்டை தேயும். அப்புறம் ஸ்டீயரிங்கை ஒடிச்சுத் திருப்பும்போது ‘டக் டக் டக்’னு சத்தம் வரும். வண்டி மை தீர்ந்த அச்சு கத்துன மாதிரிதான் இதுவும்.

போன வருசம் எங்க வீட்டு மாருதி இப்படிக் கத்துச்சு. டவுன்ல ஒரு ஒர்க்‌ஷாப்ல, இந்தப் பழைய வண்டிக்கு இவ்வளவு செலவு பண்றதுக்குப் பழைய இரும்புக்குப் போட்ரலாம்னு சொன்னாங்க. என் தங்கச்சி மகன் டிராக்டர் வேலை பார்க்கிறவன். “மாமா, இதுவும் கடையாணி கழட்டுற வேலைதான்”னான். வேப்பமரத்தடியில ஒரு பகல்ல ரெண்டு பக்கமும் மாத்தினோம்.

சக்கரம் தரையில இருக்கும்போதே நடு நட்டோட ஸ்பிளிட் பின்னை எடுத்து, நட்டை லூஸ் பண்ணிறணும். தூக்கின பிறகு அது மசியாது. அப்புறம் ஜாக்கி, அடியில கட்டாயம் ஸ்டாண்டு. செங்கல்லை அண்டக் குடுத்துட்டு யாரும் அடியில போகாதீங்க. கியர் ஆயிலை வடிக்கணும். லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட் போல்ட்டைக் கழட்டி ஹப்பை வெளிய சாய்ச்சா, வெளி முனை வந்துரும். உள் முனையைக் கடப்பாரை மாதிரி ஒரு லீவரால நெம்பினா, கியர்பாக்ஸ்ல பிடிச்சிருக்கிற வளையம் விட்டுக் குடுக்கும். புது ஆயில் சீல் போட்டு, புது ஆக்சிலை நேரா உள்ள தள்ளணும். ‘டிக்’னு வளையம் விழுந்த சத்தம் கேட்டாத்தான் உக்காந்துச்சுன்னு அர்த்தம். இடது, வலது நீளம் வேற வேற, வாங்கும்போதே சொல்லி வாங்கணும். புது ஆயில் ஊத்தி, வண்டியைத் தரையில இறக்கி, நட்டை அளவு பார்த்து முறுக்கி, புது பின் போட்டா முடிஞ்சது. அந்தப் பின் கடையாணிக்குப் பேரன்தான்.

அம்பாசிடரும் மாருதி 800ம் உற்பத்தி நின்னது ஒரே வருசம், 2014. இருபத்தஞ்சு லட்சத்துக்கு மேல வித்த மாருதில இன்னும் எத்தனையோ ஓடிக்கிட்டு இருக்கு. 2022 ஏப்ரல்ல 15 வருசம் தாண்டின காரைப் புதுப்பிக்க 5,000 ரூபாய் கட்டணம்னு ஆக்கினாங்க. அதையும் கட்டி வச்சிருக்கிற வண்டியை ஒரு கிழிஞ்ச ரப்பருக்காக இரும்புக் கடைக்கு அனுப்புறது என்ன நியாயம்? ஆஸ்பத்திரிக்கும் மார்க்கெட்டுக்கும் எங்க வீட்டுல இருக்கிறது அது ஒண்ணுதான்.

பட்டறை ஆசாரி போனப்ப வண்டி அச்சு செய்யத் தெரிஞ்ச கையும் ஊரை விட்டுப் போச்சு. மரத்தடி மெக்கானிக் கையும் போயிட்டா, ரப்பர் கிழிஞ்சதுக்கெல்லாம் புது வண்டிதான் வாங்கணும். இப்ப வர்ற பேட்டரி கார் வரைக்கும் சக்கரத்துக்கு இழுவை போறது இதே மாதிரி ஆக்சிலாலதான், அதுலயும் இதே ரப்பர் பூட்தான். உங்க அபார்ட்மெண்ட்ல நிக்கிற காருக்கும் இருக்கும். அடுத்த தடவை டயருக்குக் காத்தடிக்கும்போது ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு வச்சுட்டு, முன் சக்கரத்துக்குப் பின்னாடி டார்ச் அடிச்சுப் பாருங்க. கிரீஸ் தெறிச்சிருந்தா உடனே பூட்டை மட்டும் மாத்திருங்க. அச்சு பிழைச்சுக்கும்.